உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய்: பயாப்சி அறிக்கையிலிருந்து நோயின் போக்கை அறிவது எப்படி

உமிழ்நீர்ச் சுரப்பியில் புற்றுநோய் என்று உறுதியானதும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி "இனி எத்தனை வருஷம்?" என்பதுதான். மருத்துவர் உடனே ஓர் எண்ணைச் சொல்லாமல் தயங்கினால், அவர் எதையோ மறைக்கிறார் என்று எண்ணிக்கொண்டு கைப்பேசியில் தேடத் தொடங்குகிறார்கள். அங்கே கிடைக்கும் எண் பொய்யானதன்று. ஆனால் அது பெரும்பாலும் வேறொருவருடைய நோய்க்கு உரிய எண்ணாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட வெவ்வேறு புற்றுநோய்கள் இந்த ஒரே தலைப்பின்கீழ் வருகின்றன. அவற்றுள் சில, முழுமையாக அகற்றப்பட்டால் திரும்பி வருவதே அரிது. சில, இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் நுரையீரலுக்கும் எலும்புக்கும் பரவிவிடுகின்றன. இன்னொன்று பத்து, பதினைந்து ஆண்டுகள் சத்தமின்றி இருந்துவிட்டு மீண்டும் தலைகாட்டுகிறது. இவை அனைத்தையும் ஒன்றாகக் கூட்டி எடுத்த சராசரி, எந்த ஒரு நோயாளிக்கும் சரியாகப் பொருந்துவதில்லை.

ஆகவே எண்ணைத் தேடுவதற்கு முன்பு, கையில் இருக்கும் அறிக்கை எந்த நோயைப் பற்றிப் பேசுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னையில் சிகிச்சை பெறும் நோயாளிகளும், அவர்களோடு பைலைத் தூக்கிக்கொண்டு வெளிநோயாளர் பிரிவில் காத்திருக்கும் உறவினர்களும் அந்த அறிக்கையை எந்த வரிசையில் படிக்க வேண்டும், எந்த வரிக்கு எவ்வளவு எடை கொடுக்க வேண்டும், மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை இங்கே விளக்க முயல்கிறேன். சிகிச்சையைப் பற்றிய முடிவை மருத்துவரே எடுக்க வேண்டும். அவரோடு பேசும்போது என்ன பேசுகிறோம் என்று புரிந்து பேசுவதற்கே இது.

எந்த அறிக்கையை வைத்துக் கணக்கிடுவது

பெரும்பாலோர் கையில் முதலில் வருவது எப்.என்.ஏ.சி. அறிக்கை, அதாவது மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்த்த முடிவு. மிலன் முறை என்று அழைக்கப்படும், 2018 முதல் புழக்கத்தில் உள்ள ஒரு வகைப்படுத்தலில் பல ஆய்வகங்கள் இதைத் தருகின்றன. அதில் நான்கு ஏ என்பது தீங்கற்ற கட்டி என்பதையும், ஐந்து என்பது புற்றுநோய் என்ற வலுவான சந்தேகத்தையும், ஆறு என்பது புற்றுநோய் என்பதையும் குறிக்கும். இடையில் நான்கு பி என்று ஒன்று உண்டு. கட்டி இருக்கிறது, ஆனால் நல்லதா கெட்டதா என்று ஊசி மாதிரியை வைத்துச் சொல்ல இயலவில்லை என்பதே அதன் பொருள். அறுவை சிகிச்சை வேண்டுமா, எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று திட்டமிடுவதற்கு இந்த அறிக்கை உதவும். ஆயுளைக் கணக்கிட உதவாது. கட்டியின் தரமும், ஓரங்களும், நரம்பின் நிலையும் ஊசியில் ஏறி வருவதில்லை.

அதற்கு உரியது, அறுவை சிகிச்சைக்குப் பின் முழுக் கட்டியையும் வெட்டிப் பார்த்து எழுதப்படும் இறுதி நோய்க்கூறு அறிக்கை. அது வரும்வரை எந்த எண்ணையும் மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். அந்த இடைப்பட்ட நாட்களில் வீட்டில் நடக்கும் கணக்குகள் பல, அறிக்கை வந்ததும் அடியோடு மாறிப்போகின்றன.

கட்டி இருக்கும் இடம்

காதுக்கு முன்னும் கீழும் இருப்பது பரோடிட் சுரப்பி. தாடை எலும்புக்கு அடியில் இருப்பது சப்மாண்டிபுலர். நாக்குக்கு அடியில் இருப்பது சப்லிங்குவல். இவை போக, அண்ணத்திலும் உதட்டின் உட்புறத்திலும் கன்னத்திலுமாக நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகள் உள்ளன. சுரப்பி சிறியதாக இருக்க இருக்க, அதில் தோன்றும் கட்டி புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. பரோடிட்டில் தோன்றும் கட்டிகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றோ அதற்கும் குறைவோதான் புற்றுநோய். சப்மாண்டிபுலரில் ஏறத்தாழ பாதி. நாக்குக்கு அடியில் பெரும்பாலானவை. புற்றுநோய் என்று உறுதியான பிறகும், ஒரே வகை, ஒரே அளவு என்று ஒப்பிட்டால், பல ஆய்வுத் தொகுப்புகளில் பரோடிட் நோயாளிகளைவிட சப்மாண்டிபுலர் நோயாளிகளின் போக்கு சற்றே மோசமாக இருந்திருக்கிறது.

சென்னைக்கு உரிய எச்சரிக்கை ஒன்று இங்கே தேவைப்படுகிறது. வாய்ப் புற்றுநோயும் நாக்குப் புற்றுநோயும் நம்மிடையே மிக அதிகம். தாடைக்கு அடியில் உள்ள வீக்கம், சுரப்பியில் தோன்றிய நோயாக இல்லாமல், வாயில் தோன்றிய புற்றுநோய் நெறிக்கட்டிக்குப் பரவியதாகவும் இருக்கலாம். பரோடிட்டில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது தட்டையான மேற்பரப்புச் செல்களில் தோன்றும் புற்றுநோய், என்று அறிக்கை வந்தாலும், தலை, முகம், காது ஆகியவற்றின் தோலிலிருந்து வந்ததா என்று முதலில் தேடிப் பார்க்க வேண்டும். அப்படிப் பரவியதாக இருந்தால், உமிழ்நீர்ச் சுரப்பிக்கான எந்த அட்டவணையும் அந்த நோயாளிக்குப் பொருந்தாது. "நோய் இந்தச் சுரப்பியிலேயே தோன்றியதுதானா?" என்பதை மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இதோடு சேர்ந்து வரும் மற்றொரு கேள்வி, வெற்றிலை பாக்கும் புகையிலையும் போட்டதால் வந்ததா என்பது. வாய்ப் புற்றுநோய்க்கு அவை காரணம் என்பது நன்கு நிறுவப்பட்டது. உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயோடு அவற்றுக்கு அத்தகைய வலுவான தொடர்பு நிறுவப்படவில்லை. முன்பு தலையிலோ கழுத்திலோ கதிர்வீச்சு பட்டிருப்பதே தெளிவாக அறியப்பட்ட காரணங்களுள் ஒன்று. நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பேச்சை வீட்டில் நிறுத்திவிடுவது நல்லது.

வகையும் தரமும்

இறுதி அறிக்கையின் முடிவுரைப் பகுதியில், வழக்கமாக முதல் வரியிலேயே, நோயின் வகை எழுதப்பட்டிருக்கும். அதுவே மற்ற எல்லாவற்றுக்கும் திறவுகோல். அதனால் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

மிக அதிகமாகக் காணப்படுவது மியூகோஎபிடெர்மாய்டு கார்சினோமா. இதில் வகையின் பெயரைவிடத் தரம் முக்கியம். குறைந்த தரம் என்று எழுதப்பட்டிருந்தால் ஐந்தாண்டு கடப்போர் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். உயர்ந்த தரம் என்று இருந்தால் அது ஏறத்தாழ பாதியாக இறங்குகிறது. ஒரே பெயர் கொண்ட நோய் இரு முனைகளில் நிற்பதைக் கவனியுங்கள். "உயர்ந்த தரம்" என்ற சொல்லைக் கேட்டுச் சிலர் நல்லது என்று எண்ணிவிடுகிறார்கள். புற்றுநோயில் தரம் உயர உயர, செல்கள் இயல்பான உருவத்தை இழந்து வேகமாகப் பெருகுகின்றன என்று பொருள். இடைநிலைத் தரத்தை ஆய்வகங்கள் வெவ்வேறு அளவுகோல்களால் தீர்மானிக்கின்றன. எனவே ஓரிடத்தில் இடைநிலை என்று எழுதப்பட்டது இன்னோரிடத்தில் குறைந்த தரம் என்றோ உயர்ந்த தரம் என்றோ மாறக்கூடும். எந்த முறையில் தரம் பிரித்தார்கள் என்று கேட்பது வீண் கேள்வியன்று.

அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா வேறு இயல்பு கொண்டது. இந்த நோயில் குடும்பங்கள் ஏமாறும் இடமும் வேறு. இதன் ஐந்தாண்டுக் கணக்கு பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும்: பெரும்பாலான தொகுப்புகளில் நூற்றுக்கு எழுபதிலிருந்து தொண்ணூறு வரை. ஆனால் பத்தாண்டில் அது ஐம்பதிலிருந்து எழுபது என்று குறைகிறது. பதினைந்து, இருபது ஆண்டுகளில் இன்னும் இறங்குகிறது. பல புற்றுநோய்களில் ஐந்தாண்டைக் கடந்துவிட்டால் பெருமளவு நிம்மதி அடையலாம். இந்த நோயில் அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை. இது நெறிக்கட்டிகளுக்கு அதிகம் பரவாது. நரம்பின் வழியே ஊர்ந்தும், இரத்தத்தின் வழியே நுரையீரலுக்குச் சென்றும் பரவும். அறிக்கையில் கிரிப்ரிபார்ம், டியூபுலர், சாலிட் என்ற சொற்களைத் தேடுங்கள். சாலிட் எனப்படும் திண்மையான அமைப்பு கட்டியின் முப்பது விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் போக்கு தெளிவாக மோசமாகிறது. மற்ற இரண்டும் அதைவிட மெதுவானவை. இந்த நோய்க்கு, "ஐந்தாண்டு எவ்வளவு?" என்று கேட்காமல் "பத்தாண்டு, பதினைந்தாண்டு எவ்வளவு?" என்றுதான் கேட்க வேண்டும்.

அசினிக் செல் கார்சினோமாவும் செக்ரெட்டரி கார்சினோமாவும் பொதுவாக மென்மையானவை. இரண்டாவது, 2010இல்தான் தனி நோயாக அடையாளம் காணப்பட்டது. அதற்கு முந்தைய அறிக்கைகளில் அது பெரும்பாலும் அசினிக் செல் என்றே எழுதப்பட்டிருக்கும். இதில் இ.டி.வி.6 மரபணுவும் என்.டி.ஆர்.கே.3 மரபணுவும் இணைந்திருப்பது வழக்கம். நோய் பரவும் நிலைக்குச் சென்றால், அந்த இணைப்பைக் குறிவைக்கும் மாத்திரைகள் இன்று இருக்கின்றன. ஆனால் இந்த மெதுவான வகைகளிலும் "உயர்தர மாற்றம்" என்ற குறிப்பு அறிக்கையில் இருந்தால், மேலே சொன்ன ஆறுதல் செல்லாது.

மறுமுனையில் நிற்பது சலைவரி டக்ட் கார்சினோமா. ஐம்பது வயதைக் கடந்த ஆண்களிடம் அதிகம் காணப்படும் இந்த நோய் மார்பகப் புற்றுநோயின் ஒரு வகையை அப்படியே ஒத்திருக்கும். விரைவாக நெறிக்கட்டிக்கும் பிற உறுப்புகளுக்கும் பரவும். பல தொகுப்புகளில் ஐந்தாண்டு கடந்தோர் பாதிக்கும் குறைவு. ஆனாலும் இங்கே கட்டாயம் கேட்க வேண்டிய சோதனைகள் இரண்டு உண்டு. இந்த நோயாளிகளில் பெரும்பாலோருடைய கட்டியில் ஆண் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஆண்ட்ரோஜன் ஏற்பி இருக்கும்; ஏறத்தாழ மூன்றில் ஒருவருடைய கட்டியில் செல் வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்2 என்ற புரதம் மிகுந்திருக்கும். முதலாவதற்கு, புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தரும் ஹார்மோன் தடுப்பு மருந்துகளும், இரண்டாவதற்கு, மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் ஹெர்2 எதிர்ப்பு மருந்துகளும் பயன்படுத்தப்படுகின்றன. சலைவரி டக்ட் என்று எழுதியிருக்கும் அறிக்கையில் இந்த இரண்டின் முடிவும் இல்லையென்றால், அந்த அறிக்கையை முழுமையற்றதாகவே கருதுவேன்.

பல ஆண்டுகளாக வலியில்லாமல் இருந்த கட்டி திடீரென்று வளர்ந்து, எடுத்துப் பார்த்தபோது "ப்ளியோமார்பிக் அடினோமாவிலிருந்து தோன்றிய கார்சினோமா", அதாவது தீங்கற்ற பழைய கட்டியிலிருந்து தோன்றிய புற்றுநோய், என்று வருவதும் உண்டு. இங்கே கேட்க வேண்டியது, புற்றுநோய் பழைய கட்டியின் உறையைத் தாண்டியதா, தாண்டியிருந்தால் எத்தனை மில்லிமீட்டர் என்பதே. உறைக்குள்ளேயே அடங்கியிருந்தாலும், மிகக் குறைவாகத் தாண்டியிருந்தாலும் போக்கு நல்லது. பரவலாகத் தாண்டியிருந்தால் அது உயர்தரப் புற்றுநோய்க்கு உரிய போக்காகிறது. காதுக்குக் கீழே உள்ள வீக்கத்தைப் பொன்னுக்கு வீங்கி என்று நினைத்துப் பத்துப் போட்டுக்கொண்டு, மாதக்கணக்கில் குறையாமல் இருந்தும் "வலிக்கவில்லையே" என்று விட்டுவிடுபவர்கள் இதை அறிய வேண்டும்.

ஸ்டேஜ் 4 என்ற சொல்

நோயின் நிலையை டி, என், எம் என்ற மூன்று எழுத்துகளால் குறிக்கிறார்கள். டி என்பது கட்டி. என் என்பது நெறிக்கட்டி. எம் என்பது தொலைவில் உள்ள உறுப்புக்குப் பரவியது. பெரிய சுரப்பிகளில் 2 சென்டிமீட்டர் வரை டி1, 4 சென்டிமீட்டர் வரை டி2, அதற்கு மேல் டி3. சுரப்பிக்கு வெளியே உள்ள திசுவில் நோய் பரவியிருந்தால் அளவு சிறியதாயினும் டி3தான். ஆனால் அந்தப் பரவல் மருத்துவரின் கண்ணுக்கோ ஸ்கேனிலோ தெரிந்திருக்க வேண்டும். நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் பரவல் இதற்குக் கணக்கில்லை. தோல், தாடை எலும்பு, காதுக் குழாய், முகநரம்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பாதிக்கப்பட்டால் அது டி4ஏ.

அண்ணம் போன்ற இடங்களில் உள்ள சிறு சுரப்பிகளுக்கு இந்த அட்டவணை பொருந்தாது. வாய்ப் புற்றுநோய்க்கு உரிய அட்டவணையையே அங்கே எடுத்துக்கொள்வார்கள்.

டி4ஏ என்றால் மொத்த நிலை 4ஏ என்று ஆகிவிடும். இங்கேதான் பலர் நிலைகுலைகிறார்கள். "ஸ்டேஜ் 4" என்றாலே கடைசி நிலை, நோய் உடலெங்கும் பரவிவிட்டது, இனி மருந்தில்லை என்று நம் பேச்சுவழக்கில் பொருள் கொள்கிறோம். உமிழ்நீர்ச் சுரப்பியில் 4ஏ என்பது தொலைவுக்குப் பரவாத, பெரும்பாலும் அறுவை சிகிச்சையால் அகற்றக்கூடிய நோயைக் குறிக்கும். மண்டையோட்டின் அடித்தளம் அல்லது கழுத்தின் பெரிய தமனியைச் சூழ்ந்தது 4பி. நுரையீரல், எலும்பு போன்றவற்றுக்குப் பரவியது மட்டுமே 4சி. எண்ணுக்குப் பின்னால் உள்ள அந்த எழுத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் யாரும் ஊருக்குத் திரும்ப வேண்டாம். அந்த ஓர் எழுத்துக்காகச் சிகிச்சையையே கைவிட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நரம்பு, ஓரம், நெறிக்கட்டி

வகை, தரம், நிலை ஆகிய மூன்றுக்கும் அடுத்து, அறிக்கையில் சிறிய எழுத்தில் வரும் மூன்று வரிகள் நோயின் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கின்றன.

முதலாவது, பெரிநியூரல் இன்வேஷன். கயிற்றின் வழியே ஈரம் ஏறுவதைப் போல, புற்றுநோய்ச் செல்கள் நரம்பின் உறை வழியே ஊர்ந்து செல்வதை இது குறிக்கிறது. இருக்கிறதா இல்லையா என்பதோடு நிற்காமல், நுண்ணோக்கியில் தெரியும் சிறு நரம்பிலா, பெயர் சொல்லக்கூடிய பெரிய நரம்பிலா என்றும் கேட்க வேண்டும். இரண்டாவதன் எடை மிக அதிகம். அடினாய்டு சிஸ்டிக் நோயில் சிறு நரம்புப் பாதிப்பு மிகவும் வழக்கமானது என்பதால், அந்த ஒரு வரியைக் கண்டு மட்டும் நம்பிக்கை இழக்கத் தேவையில்லை.

முகநரம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன்பே வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலோ, கண்ணை மூட முடியாமல் இருந்தாலோ, அது நோய் நரம்பைப் பிடித்திருப்பதன் அடையாளம். போக்கு மோசம் என்பதைக் காட்டும் வலுவான அறிகுறிகளுள் ஒன்று. அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் கோணல் அப்படிப்பட்டதன்று. கட்டியிலிருந்து நரம்பைப் பிரித்தெடுக்கும்போது அது இழுபடுவதால் தற்காலிகமாகச் சோர்ந்துபோகும். பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும். அந்தக் கோணலுக்கும் ஆயுளுக்கும் தொடர்பில்லை. கண்ணாடியில் முகத்தைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று அஞ்சும் நோயாளிக்கு இந்த வேறுபாட்டை அன்றே எடுத்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, மார்ஜின் எனப்படும் ஓரம். வெட்டி எடுத்த பகுதியின் விளிம்பில் புற்றுநோய்ச் செல் இருந்தால் பாசிட்டிவ். விளிம்புக்கு மிக அருகில், பொதுவாக 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் குளோஸ். அதற்கு மேல் இடைவெளி இருந்தால் நெகட்டிவ். முகநரம்பைக் காப்பாற்ற வேண்டிய பரோடிட் அறுவையில் 5 மில்லிமீட்டர் கிடைப்பது பல நேரம் இயலாது. குறுகிய ஓரத்தைக் கண்டு அறுவை சிகிச்சை நிபுணரைக் குறைகூறுவதற்கு முன், எந்தப் பக்கத்து ஓரம் குறுகியது, அங்கே நரம்பு இருந்ததா என்று கேளுங்கள். வயது, கட்டியின் அளவு ஆகியவற்றை மாற்ற எவராலும் இயலாது. ஓரத்தை மறு அறுவையாலோ கதிர்வீச்சாலோ ஈடுசெய்ய ஓரளவு வழி உண்டு. அதனால்தான் இந்த வரிக்கு நான் கூடுதல் கவனம் கேட்கிறேன்.

மூன்றாவது, நெறிக்கட்டி. "24இல் 2" என்பது போல எழுதப்பட்டிருந்தால், எடுத்த 24 நெறிக்கட்டிகளில் 2இல் நோய் இருந்தது என்று பொருள். ஒன்றுகூட இல்லை என்பதற்கும் ஒன்று இருக்கிறது என்பதற்கும் உள்ள இடைவெளி பெரிது. எண்ணிக்கை கூடக் கூடப் போக்கு இறங்கும். நெறிக்கட்டியின் உறையை உடைத்துக்கொண்டு நோய் வெளியே வந்திருந்தால் இன்னும் இறங்கும். எத்தனை நெறிக்கட்டிகளைப் பரிசோதித்தார்கள் என்பதையும் பாருங்கள். மூன்றை மட்டும் எடுத்து மூன்றிலும் இல்லை என்பதும், முப்பதை எடுத்து முப்பதிலும் இல்லை என்பதும் சமமான உறுதியைத் தருவதில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. நெதர்லாந்தில் பரோடிட் புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட ஒரு முறை, அறுவைக்கு முன் வயது, வலி, கட்டியின் அளவு, நெறிக்கட்டி, தோல் பாதிப்பு, முகநரம்பின் செயலிழப்பு ஆகியவற்றையும், அறுவைக்குப் பின் நரம்பு ஊடுருவலையும் ஓரத்தையும் எடுத்துக்கொள்கிறது. வலி அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள்; பல நோயாளிகள் மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது அதைத்தான்.

எண்ணை எப்படிப் படிப்பது

அமெரிக்கப் பதிவேடுகளின் கணக்கில், சுரப்பிக்குள் அடங்கிய நோயில் ஐந்தாண்டு ஒப்பீட்டு ஆயுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்குச் சற்று மேல். அருகிலுள்ள திசுவுக்கோ நெறிக்கட்டிக்கோ பரவியதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. தொலைவுக்குப் பரவியதில் பத்தில் நான்கு என்ற அளவு. ஒப்பீட்டு ஆயுள் என்பது, அதே வயதுள்ள பொதுமக்களோடு ஒப்பிட்டுச் சொல்வது. எழுபது வயதில் மாரடைப்பால் இறந்தவரின் இறப்பை நோயின் கணக்கில் ஏற்றாமல் இருக்க இந்த ஏற்பாடு. இதைத் தவிர, எந்தக் காரணத்தால் இறந்தாலும் எண்ணும் மொத்த ஆயுள், இந்த நோயால் இறந்ததை மட்டும் எண்ணும் நோய்சார் ஆயுள், நோய் திரும்பாமல் இருந்த காலம் என்று வேறு கணக்குகளும் உள்ளன. அடினாய்டு சிஸ்டிக்கில் நோய் திரும்பிய பின்னும் பலர் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள் என்பதால், மொத்த ஆயுளுக்கும் நோய் திரும்பாமல் இருந்த காலத்துக்கும் பெரிய இடைவெளி இருக்கும். படிக்கும் எண் எந்தக் கணக்குக்கு உரியது என்று பார்க்காமல் அதை ஏற்காதீர்கள். ஐந்தாண்டு எண் என்பது குறைந்தது ஐந்தாண்டுக்கு முன் நோய் கண்டறியப்பட்டவர்களுடையது என்பதும் நினைவிருக்கட்டும்.

சென்னைக்கான கணக்கு எங்கே என்று கேட்கலாம். அடையாறு புற்றுநோய் நிலையம் 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னைப் பெருநகருக்கான புற்றுநோய்ப் பதிவேட்டைப் பராமரித்து வருகிறது; நாட்டின் பழைய பதிவேடுகளுள் அதுவும் ஒன்று. ஆனால் உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய் உலகெங்கும் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவர் என்ற அளவிலேயே வருகிறது. இருபது வகை, மூன்று தரம், நான்கு நிலை என்று பிரித்தால் எந்த ஊரின் பதிவேட்டிலும் ஒவ்வொரு கட்டத்திலும் சிலரே மிஞ்சுவர். ஆகவே உங்கள் மருத்துவர் சொல்லும் "இதே போன்ற நோயாளிகள் என்னிடம் எப்படி இருக்கிறார்கள்" என்ற அனுபவமும், வெளிநாட்டு எண்களும் சேர்ந்தே ஒரு மதிப்பீட்டைத் தர முடியும். அதை ஒற்றை எண்ணாகக் கேட்காமல் "பெரும்பாலோர்", "பாதிப்பேர்", "சிலர்" என்ற எல்லைகளாகக் கேட்பதே நேர்மையான பதிலைப் பெறும் வழி.

ஸ்லைடும் பிளாக்கும்

இந்த நோய்கள் அரியவை. ஒன்றைப்போல் ஒன்று தோன்றுபவை. தலை கழுத்து நோய்க்கூற்றியலில் அனுபவம் உள்ளவர் மறுபார்வை செய்யும்போது வகையோ தரமோ மாறுவது அசாதாரணமன்று. மறுபார்வைக்கு அறிக்கையின் நகல் போதாது. கண்ணாடி ஸ்லைடுகளும், கட்டியின் திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பாரஃபின் பிளாக்கும் வேண்டும். முதலில் பரிசோதித்த ஆய்வகத்தில் எழுதிக் கேட்டுக் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளலாம். சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையமோ, சென்ட்ரலுக்கு எதிரேயுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையோ, ராயப்பேட்டை அரசு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவோ, தனியார் புற்றுநோய் மருத்துவமனையோ, எங்கே சிகிச்சையைத் தொடரப் போகிறீர்களோ அங்கேயே மறுபார்வையையும் செய்துகொண்டால், அதன் முடிவும் சிகிச்சைத் திட்டமும் ஒரே கூரையின் கீழ் அமையும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் முதல் நாளே காட்டிவிடுங்கள். ஐ.எச்.சி. எனப்படும், திசுவில் உள்ள புரதங்களைச் சாயமேற்றிப் பார்க்கும் சோதனை, மரபணுச் சோதனை ஆகியவற்றில் எது அதில் அடங்கும், எதற்குக் கையிலிருந்து கட்ட வேண்டும் என்பதைக் காப்பீட்டு அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.

மருத்துவரிடம் கேட்பது

ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பேசுவதற்குக் கிடைக்கும் நேரம் குறைவு. நோயாளியுடன் ஒருவர் மட்டும் உள்ளே செல்வதும், அவரே குறிப்பெடுப்பதும் நல்லது. "டாக்டர், இது எந்த வகை, என்ன தரம்? ஸ்டேஜில் எண்ணோடு எழுத்தும் சொல்லுங்கள். ஓரம் சுத்தமாக இருக்கிறதா? நரம்பில் இருக்கிறதா, எந்த நரம்பு? எத்தனை நெறிக்கட்டியில் எத்தனை? திரும்பி வந்தால் பொதுவாக எங்கே வரும், எப்போது வரும்? கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டுமா, எதற்காக?" என்ற அளவில் கேட்டாலே, நோயின் போக்கைப் பற்றிய முக்கால்வாசிச் செய்தி வந்துவிடும். நோயாளியின் முன் எண்களைச் சொல்லலாமா என்பதை நோயாளியிடமே முந்தின நாள் கேளுங்கள். அவருக்குத் தெரியக் கூடாது என்று வீட்டார் முடிவு செய்வது நம்மிடையே வழக்கமாக இருக்கிறது. ஆனால் கதிர்வீச்சின் ஆறு வாரச் சிரமத்தைத் தாங்கப் போகிறவர் அவர்தான். எதற்காகத் தாங்குகிறோம் என்று அறிந்தவர் பாதியில் நிறுத்துவது குறைவு.

பெரிய கட்டி, உயர்ந்த தரம், பாசிட்டிவ் அல்லது குளோஸ் ஓரம், நரம்பு ஊடுருவல், நெறிக்கட்டிப் பரவல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் கதிர்வீச்சு பரிந்துரைக்கப்படுகிறது. அடினாய்டு சிஸ்டிக்கில் பெரும்பாலும் எல்லோருக்கும் உண்டு. வழக்கமாக 60 முதல் 66 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை, வாரம் ஐந்து நாள் வீதம் ஆறு வாரத்துக்கு மேல் நடக்கும். அறுவைக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் அதைத் தொடங்கிவிட வேண்டும். அதற்கு முன் பல் மருத்துவரைப் பார்த்துப் பழுதான பற்களை எடுத்துவிட வேண்டும். கதிர்வீச்சு பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகக்கூடும். பல் புண் ஆறுவதற்கும் நாள் தேவை என்பதால், அறுவை முடிந்த முதல் வாரங்களிலேயே பல் பரிசோதனையை முடித்துவிடுங்கள்.

தொடர் பரிசோதனை

முதல் ஆண்டில் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் ஆண்டில் சற்று இடைவெளி விட்டு, ஐந்தாண்டுக்குப் பின் ஆண்டுக்கு ஒருமுறை என்று பார்ப்பது பொதுவான நடைமுறை. கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர்கள் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு ஒருமுறை தைராய்டு இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். உயர்தர நோய்கள் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் திரும்புகின்றன. அந்தக் காலத்தில் ஒரு பரிசோதனையையும் தவறவிடக் கூடாது. அடினாய்டு சிஸ்டிக் நோயாளிகள் ஐந்தாண்டு முடிந்ததும் பைலைப் பரணில் போட்டுவிடாமல், நெஞ்சுப் பகுதி ஸ்கேனை எத்தனை காலத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, பத்தாண்டைக் கடந்தும் தொடர வேண்டும்.

அந்த ஸ்கேனில் நுரையீரலில் சில சிறு முடிச்சுகள் தெரிந்து, மருத்துவர் "மருந்து வேண்டாம், மூன்று நான்கு மாதம் கழித்துப் பார்ப்போம்" என்று சொன்னால், கைவிட்டுவிட்டார் என்று எண்ண வேண்டாம். இந்த நோயில் அத்தகைய முடிச்சுகள் மிக மெதுவாக வளர்வதும், தொந்தரவு தராமல் ஆண்டுகள் கடப்பதும் உண்டு. வழக்கமான கீமோதெரபிக்கு இது அதிகம் இணங்குவதில்லை என்பதால், வளரும் வேகத்தை இரண்டு ஸ்கேன்களுக்கு இடையில் அளந்து பார்த்துவிட்டு மருந்தைத் தொடங்குவது ஏற்கப்பட்ட முறை. அந்த ஒப்பீட்டுக்குப் பழைய ஸ்கேனின் படத் தொகுப்பு வேண்டும். அச்சிட்ட அறிக்கை மட்டும் போதாது. எனவே ஒவ்வொரு முறையும் சி.டி.யையோ பென் டிரைவையோ கேட்டு வாங்கி, அறுவை சிகிச்சைக் குறிப்பு, நோய்க்கூறு அறிக்கை, கதிர்வீச்சு அளவைக் குறிக்கும் சுருக்கத் தாள் ஆகியவற்றோடு ஒரே பைலில் தேதி வாரியாக வையுங்கள்.